செராமிக் இடுப்பு மூட்டு பழுதடைதலும் மறு மாற்று அறுவை சிகிச்சையும்

நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்குமான விளக்கம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுள் பெரும்பாலோர் பல்லாண்டுகள் வலியின்றி நடமாடுகின்றனர். எனினும் எந்தச் செயற்கை மூட்டும் முடிவில்லாத காலம் உழைப்பதில்லை. சிலருக்கு அது எதிர்பார்த்த காலத்திற்கு முன்பே பழுதடைகிறது. அந்நிலையில் பழுதடைந்த பாகத்தையோ முழு மூட்டையோ அகற்றிப் புதியதைப் பொருத்துவதே மறு மாற்று அறுவை சிகிச்சை எனப்படுகிறது. மருத்துவமனைகளில் இதனை ‘ரிவிஷன்’ என்றும் குறிப்பிடுவர்.

செராமிக் பாகங்கள் உள்ள மூட்டு பழுதடையும்போது கவனிக்க வேண்டியவற்றுள் சில பிற வகை மூட்டுகளுக்குப் பொருந்தாதவை. அவற்றை எளிய முறையில் விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம். முழுவதும் படிக்க நேரம் இல்லாதவர்கள் கீழ்க்காணும் மூன்று செய்திகளையேனும் மனத்தில் கொள்ள வேண்டும்.

1. செராமிக் மூட்டில் திடீரென உடையும் ஓசை, வலி, அல்லது மணல் அரைபடுவது போன்ற உணர்வு தோன்றினால், அந்தக் காலை ஊன்றி நடக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
2. செராமிக் பாகம் உடைந்த பின் செய்யப்படும் மறு அறுவையில் எப்பொருளாலான பந்து பொருத்தப்படுகிறது என்பது மிக முக்கியமானது.
3. முதல் அறுவை சிகிச்சையின் ஆவணங்களை வாழ்நாள் முழுவதும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

செயற்கை இடுப்பு மூட்டின் பாகங்கள் யாவை?

நம் இடுப்பு மூட்டு, கிண்ணத்தினுள் பந்து சுழல்வது போன்ற அமைப்புடையது. தொடை எலும்பின் உருண்டையான தலை பந்தாகவும், இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணமாகவும் அமைந்துள்ளன. செயற்கை மூட்டில் பொதுவாக நான்கு பாகங்கள் உள்ளன.

• தண்டு: தொடை எலும்பின் உட்குழலில் இறக்கப்படும் உலோகப் பாகம். இதன் மேல்முனை கூம்பு வடிவில் இருக்கும்.
• பந்து: தண்டின் கூம்பு முனையில் இறுக்கிப் பொருத்தப்படும் உருண்டை. இது உலோகத்தாலோ செராமிக்காலோ ஆனதாக இருக்கலாம்.
• கிண்ணம்: இடுப்பெலும்பின் குழியில் பொருத்தப்படும் உலோக ஓடு.
• உள்ளுறை: ‘லைனர்’ எனப்படும் இப்பாகம் கிண்ணத்தின் உட்புறம் பொருத்தப்படுகிறது. பந்து இதன்மீதுதான் சுழல்கிறது. இது பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக்காலோ செராமிக்காலோ ஆனதாக இருக்கலாம்.

‘செராமிக் மூட்டு’ என்று மக்கள் சொல்வதில் இரு வகைகள் உள்ளன. பந்தும் உள்ளுறையும் இரண்டுமே செராமிக்காக இருப்பது ஒன்று. பந்து மட்டும் செராமிக்காகவும் உள்ளுறை பாலிஎத்திலீனாகவும் இருப்பது மற்றொன்று. எவ்வகையாயினும் தண்டும் கிண்ணத்தின் ஓடும் உலோகமே. உங்கள் உடலில் உள்ளது எவ்வகை என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விரண்டிலிருந்தும் வேறானது, உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் சுழலும் வகை. இவ்வகை மூட்டுகளுள் ஒன்று 2010 ஆகஸ்டு மாதத்தில் உலகளவில் திரும்பப் பெறப்பட்டது. அச்செய்தியைக் கேட்டுச் செராமிக் மூட்டு உடையோர் அஞ்ச வேண்டியதில்லை. அது வேறு வகை மூட்டு.

செராமிக் ஏன் பயன்படுத்தப்படுகிறது?

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அது பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல பாலிஎத்திலீன் தேய்ந்து நுண்துகள்கள் உதிர்ந்தன. அத்துகள்களை அழிக்க முற்படும் உடலின் செல்கள் சுற்றியுள்ள எலும்பையும் அரித்துவிடுவதால் மூட்டு தளர்ந்தது.

தேய்மானத்தைக் குறைக்கும் பொருளைத் தேடிய பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் பூத்தேன், 1970இல் அலுமினா என்னும் செராமிக்காலான மூட்டை முதன்முதலாகப் பொருத்தினார். செராமிக் மிகக் கடினமானது, வழவழப்பானது, கீறல் விழாதது. அதன் தேய்மானம் மிகமிகக் குறைவு. உதிரும் துகள்களும் எலும்பை அவ்வளவாக அரிப்பதில்லை. ஆகவே நெடுங்காலம் மூட்டைப் பயன்படுத்த வேண்டிய இளம் வயதினருக்கு இது பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நம் நாட்டில் தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு அது சிதைவுறும் நோயால் முப்பது, நாற்பது வயதிலேயே இவ்வறுவை தேவைப்படுவோர் பலர் உள்ளனர்.

இக்கடினத்தன்மைக்கு மறுபக்கமும் உண்டு. அளவு மீறிய அழுத்தம் ஏற்பட்டால் உலோகம் வளையும், பிளாஸ்டிக் அமுங்கும். செராமிக்கோ வளையவும் அமுங்கவும் இயலாமல் உடையும். இக்காரணத்தால் ஒவ்வொரு செராமிக் பந்தும் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது. இப்போது பெருமளவில் பயன்படுவது அலுமினாவுடன் சிர்கோனியா கலந்த வலுவூட்டப்பட்ட செராமிக் ஆகும். இது இளஞ்சிவப்பு நிறமுடையது.

செராமிக் உடைவது எவ்வளவு அரிது?

இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளிட்ட பகுதிகளின் தேசிய மூட்டுப் பதிவேட்டை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. வலுவூட்டப்பட்ட செராமிக்காலான 79,442 பந்துகளுள் உடைந்ததால் மறு அறுவைக்கு உள்ளானவை 7 மட்டுமே. பழைய அலுமினாப் பந்துகளில் இது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருந்தது. செராமிக் உள்ளுறையைப் பொறுத்தவரை, புதிய வகையிலும் பழைய வகையிலும் உடைவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகவே உள்ளது. ஆக, பந்து உடைவது இன்று மிக அரிதாகிவிட்டது. உள்ளுறை உடைவது அரிதாயினும் இன்னும் நிகழ்கிறது.

மூட்டின் மொத்த ஆயுளைப் பற்றி, பல நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அனைத்து வகை இடுப்பு மூட்டுகளையும் சேர்த்துப் பார்க்கையில், 25 ஆண்டுகளின் முடிவில் 100இல் சுமார் 58 மூட்டுகள் மறு அறுவையின்றி நிலைத்திருந்தன. அவற்றுள் பல பழைய வடிவமைப்புகள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூட்டு பழுதடைவதற்கான காரணங்கள்

செராமிக் மூட்டு உடையவர்களுக்கும் மறு அறுவை தேவைப்படுவதற்குச் செராமிக் உடைதல் முதன்மைக் காரணம் அன்று. கீழ்க்காணும் காரணங்கள் அனைத்தையும் மருத்துவர் ஆராய்வார்.

செராமிக் உடைதல்: கிண்ணம் அதிகச் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால், பந்தின் பளு உள்ளுறையின் விளிம்பில் விழுகிறது. மூட்டை மிகையாக மடக்கும்போது தண்டின் கழுத்து உள்ளுறையின் விளிம்பில் இடிப்பதாலும் விளிம்பு சிதையலாம். அறுவையின்போது உள்ளுறை சீராக அமராமல் இருத்தல், கூம்பு முனையில் இரத்தமோ திசுவோ சிக்கியிருத்தல், ஒன்றோடொன்று பொருந்தாத இரு நிறுவனங்களின் பாகங்களை இணைத்தல், கீழே விழுதல் ஆகியனவும் காரணங்களாகும். சிறிய அளவுப் பந்துகளில் உடைவு கூடுதலாகவும், உடல் பருமன் உடையோரிடம் உள்ளுறை உடைவு கூடுதலாகவும் காணப்பட்டுள்ளன. அரிதாக, உற்பத்திக் குறையும் காரணமாகலாம். 1998இல் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று சிர்கோனியாப் பந்துகளைச் சுடும் உலையின் முறையை மாற்றியது. அதன்பின் தயாரானவற்றுள் சில தொகுதிகளில் உடைவு மிகுதியானதால், 2001இல் அவை திரும்பப் பெறப்பட்டன.

ஓசை எழுதல்: பந்தும் உள்ளுறையும் செராமிக்காக இருக்கும் மூட்டுகளில், நடக்கும்போதோ குனியும்போதோ கதவுக் கீல் போன்ற கிறீச்சொலி சிலருக்குக் கேட்கிறது. இரு பரப்புகளுக்கும் இடையிலுள்ள திரவப் படலம் குறைவதும் விளிம்பில் பளு விழுவதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. வெவ்வேறு ஆய்வுகளில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு முதல் 20 பேர் வரை இவ்வொலி பதிவாகியுள்ளது. வலியில்லாத கிறீச்சொலிக்காக மட்டும் உடனே அறுவை செய்வதில்லை. ஆயினும் ஊடுகதிர்ப் படம் எடுத்துக் கிண்ணத்தின் நிலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தளர்வு: தண்டோ கிண்ணமோ எலும்புடன் கொண்ட பிடிப்பை இழத்தல். தண்டு தளர்ந்தால் தொடையிலும், கிண்ணம் தளர்ந்தால் கவட்டியிலும் வலி தோன்றும். உட்கார்ந்து எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது வலி மிகுதியாக இருப்பது தளர்வின் அடையாளம்.

மூட்டு நழுவுதல்: பந்து கிண்ணத்தை விட்டு விலகுதல். கால் குட்டையாகியும் திரும்பியும் காணப்படும். முதல் மூன்று மாதங்களில் இவ்வாபத்து மிகுதி.

கிருமித்தொற்று: அறுவை முடிந்த சில வாரங்களிலும் வரலாம். பல ஆண்டுகளுக்குப் பின், உடலின் வேறிடத்திலுள்ள புண்ணிலிருந்தோ சிறுநீர்த் தொற்றிலிருந்தோ இரத்தத்தின் வழியாகவும் வரலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதோருக்கும் புகைபிடிப்போருக்கும் ஆபத்து கூடுதல்.

எலும்பு முறிவு: முதியோர் கீழே விழுகையில் தண்டைச் சுற்றியுள்ள தொடை எலும்பு முறிதல்.

எந்த அறிகுறிகளில் என்ன செய்ய வேண்டும்?

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை:

• ‘டக்’ என்ற ஓசையுடன் திடீர் வலி
• மூட்டினுள் மணலோ கண்ணாடித் தூளோ அரைபடுவது போன்ற ஓசை அல்லது உணர்வு
• காலை ஊன்ற இயலாமை, கால் குட்டையாதல் அல்லது திரும்பிவிடுதல்
• அறுவைத் தழும்பில் சீழ் வடிதல். காய்ச்சலுடன் மூட்டில் வலியும் வீக்கமும்
• கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி

இவ்வறிகுறிகள் தோன்றினால் நோயாளியை நடக்க வைக்காமல் 108 ஆம்புலன்ஸ் ஊர்தியை அழைக்க வேண்டும். நழுவிய மூட்டை வீட்டிலோ எலும்பு கட்டும் இடங்களிலோ இழுத்துச் சரிசெய்ய முயலக் கூடாது.

சில நாட்களுக்குள் எலும்பியல் மருத்துவரைக் காண வேண்டியவை: மெல்ல மெல்லக் கூடும் கவட்டி அல்லது தொடை வலி, புதிதாகத் தோன்றிய கிறீச்சொலி, மூட்டு நழுவப் போவது போன்ற உணர்வு, புதிதாக ஏற்பட்ட நொண்டல்.

செராமிக் உடைந்தவர்களுள் சிலருக்குத் தொடக்கத்தில் வலி குறைவாகவே இருக்கும். ‘ஓசை மட்டும்தான், நடக்க முடிகிறது’ என்று வாரக்கணக்கில் நாள் கடத்துவோர் உண்டு. இத்தாமதமே பெருந்தீங்கு விளைவிக்கிறது. ஒவ்வோர் அடியிலும் உடைந்த துண்டுகள் மேலும் நொறுங்கித் தூளாகின்றன. கூரிய துண்டுகள் தண்டின் கூம்பு முனையை அராவிச் சிதைக்கின்றன. தூள் சுற்றியுள்ள தசையிலும் மூட்டு உறையிலும் புதைகிறது. முதல் நாளில் பந்தையும் உள்ளுறையையும் மட்டும் மாற்றி முடித்திருக்கக்கூடிய அறுவை, தாமதத்தால் தண்டையும் அகற்ற வேண்டிய பெரிய அறுவையாக மாறலாம்.

பரிசோதனைகள்

ஊடுகதிர்ப் படம் முதலாவதாக எடுக்கப்படும். பந்து உடைந்திருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரியும். உள்ளுறையின் விளிம்பில் ஏற்பட்ட சிறு உடைவு அதில் தெரியாமல் போகலாம். ஐயம் இருப்பின் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கிண்ணமோ தண்டோ இடம் மாறியுள்ளதா என்பது தெளிவாகும் என்பதால், முன்னர் எடுத்த படங்களை உடன் கொண்டுவர வேண்டும்.

கிருமித்தொற்று இல்லை என்பதை உறுதிசெய்வது எந்த மறு அறுவைக்கும் முன் இன்றியமையாதது. இதற்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும். தேவைப்பட்டால் மூட்டிலிருந்து ஊசி மூலம் திரவம் எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பப்படும். அத்திரவத்தில் செராமிக் துகள்கள் உள்ளனவா என்பதையும் பார்க்கலாம். ஆகவே மூட்டு வலிக்காகத் தாமாகவே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி உட்கொள்வது தவறு. அது கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிடும். பரிசோதனை முடிவும் பிழையாகிவிடும்.

மறு மாற்று அறுவை சிகிச்சை எவ்வாறு செய்யப்படுகிறது?

தளர்வு அல்லது தேய்மானம் எனில், தளர்ந்த பாகம் மட்டுமோ அனைத்துப் பாகங்களுமோ மாற்றப்படும். எலும்பு அரிக்கப்பட்டிருந்தால் எலும்பு ஒட்டு வைத்தோ கூடுதல் உலோகத் தாங்கிகளும் திருகுகளும் பொருத்தியோ இடம் நிரப்பப்படும். நன்கு பிடித்துள்ள தண்டை எடுக்க நேர்ந்தால், தொடை எலும்பின் ஒரு பகுதியை நீளவாக்கில் வெட்டித் திறந்து, பின்னர்க் கம்பியால் கட்ட வேண்டியிருக்கும்.

கிருமித்தொற்று எனில், பல நேரங்களில் இரு கட்டங்களாக அறுவை செய்யப்படும். முதல் கட்டத்தில் எல்லாப் பாகங்களும் அகற்றப்பட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமென்டாலான தற்காலிகப் பாகம் வைக்கப்படும். வாரக்கணக்கில் மருந்து அளித்துத் தொற்று நீங்கியபின் இரண்டாம் கட்டத்தில் புதிய மூட்டு பொருத்தப்படும்.

செராமிக் உடைந்திருந்தால், பின்வரும் மூன்று செயல்களும் முறையாக நிகழ வேண்டும்.

முதலாவதாக, கண்ணுக்குத் தெரியும் துண்டுகளோடு, துகள் படிந்த மூட்டு உறைத் திசு முழுவதும் இயன்றவரை நீக்கப்பட்டு மூட்டு நன்கு கழுவப்பட வேண்டும்.

இரண்டாவதாக, தண்டின் கூம்பு முனை ஆராயப்பட வேண்டும். கீறல் விழுந்த முனையின் மீது புதிய செராமிக் பந்தை நேரடியாகப் பொருத்தினால் அதுவும் உடையக்கூடும். சேதம் சிறிதாக இருந்தால், டைட்டானியத்தாலான உள்ளுறையுடன் வரும் செராமிக் பந்து பயன்படுத்தப்படும். சேதம் மிகுதியெனில் தண்டை மாற்ற வேண்டும்.

மூன்றாவதாக, புதிய பந்தின் பொருள். எவ்வளவு கழுவினாலும் நுண்ணிய செராமிக் துகள்கள் மூட்டில் எஞ்சவே செய்யும். அந்நிலையில் கோபால்ட்-குரோமியம் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் உள்ளுறையையும் பொருத்தினால், துகள்கள் மென்மையான பிளாஸ்டிக்கில் பதிந்து, உப்புத்தாள் போல உலோகப் பந்தைத் தேய்த்துவிடும். தேய்ந்த உலோகம் இரத்தத்தில் கலக்கும். ஆகவே புதிய பந்து செராமிக்காகவே இருத்தல் வேண்டும். உள்ளுறை செராமிக்காகவோ பாலிஎத்திலீனாகவோ இருக்கலாம். ‘ஒருமுறை உடைந்ததை மீண்டும் வைப்பதா?’ என்று குடும்பத்தினர் தயங்குவது இயல்பே. ஆயினும் இந்த ஒரு நிலையில், உலோகமே உறுதியானது என்ற பொதுக் கருத்து பொருந்தாது.

இதற்குச் சான்றான ஒரு நிகழ்வை ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 2014இல் லான்செட் இதழில் பதிவு செய்துள்ளனர். செராமிக் மூட்டு உடைந்த 55 வயது ஆண் ஒருவருக்கு 2010இல் உலோகப் பந்து பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் அவருக்குக் கடும் இதயச் செயலிழப்பு, காய்ச்சல், தைராய்டு குறைபாடு, செவித்திறன் இழப்பு, பார்வைக் குறைபாடு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பட்டன. இதயத்திற்கும் காதுக்கும் கண்ணுக்கும் தனித்தனியே காரணம் தேடிய நிலையில், அனைத்திற்கும் மூலம் இடுப்பு மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட் என்பது இறுதியில் தெரியவந்தது. மூட்டு மாற்றப்பட்டதும் இரத்தத்தில் கோபால்ட் அளவு குறைந்து, இதயம் ஓரளவு தேறியது. பார்வையும் செவித்திறனும் சிறிதளவே மீண்டன.

எனவே, செராமிக் உடைந்தபின் உலோகப் பந்து பொருத்தப்பட்டவர்கள், இப்போது நலமாக இருப்பினும், அதனைத் தங்கள் மருத்துவரிடம் தெரிவித்து, இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவுகளைப் பரிசோதிப்பது பற்றிக் கேட்டறிய வேண்டும். காரணம் புரியாத மூச்சிரைப்பு, காது கேளாமை, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு எந்த மருத்துவரைக் கண்டாலும் மூட்டைப் பற்றிக் கூற வேண்டும்.

மறு அறுவையில் உள்ள இடர்கள்

முதல் அறுவையைக் காட்டிலும் மறு அறுவைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரத்த இழப்பும் கூடுதல். இரத்தம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட வேண்டியிருக்கலாம். கிருமித்தொற்று, மூட்டு நழுவுதல், அறுவையின்போது எலும்பு முறிதல், நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் தொங்குதல், காலில் இரத்தம் உறைதல், இரு கால்களின் நீளத்தில் வேறுபாடு ஆகிய இடர்கள் முதல் அறுவையைவிட மிகுதி. அதே வேளையில், உடைந்த செராமிக்கை உள்ளே விட்டுவைப்பதன் தீங்கு இவற்றைவிடப் பெரிது. இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்த்து இசைவு அளிக்க வேண்டும்.

அறுவைக்கு முன் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும். புகையிலையை எவ்வடிவிலும் நிறுத்த வேண்டும். சொத்தைப் பல், தோல் புண், கால் விரலிடைப் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு முன்னரே சிகிச்சை பெற வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்துகளையும் நாட்டு மருந்துகளையும் உட்கொள்வோர் அதனை மறைக்காமல் கூற வேண்டும்.

அறுவைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

எவ்வளவு பளுவை எப்போது ஊன்றலாம் என்பது அறுவையின் தன்மையைப் பொறுத்தது. பந்தும் உள்ளுறையும் மட்டும் மாற்றப்பட்டவர் விரைவில் வாக்கர் துணையுடன் நடக்கலாம். எலும்பு வெட்டப்பட்டவரோ ஒட்டு வைக்கப்பட்டவரோ பல வாரங்கள் முழுப் பளுவையும் ஊன்றக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரர் நடக்கிறார் என்பதற்காக நீங்களும் நடக்க முற்பட வேண்டாம்.

பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை:

• இந்திய முறைக் கழிப்பறைக்குப் பதிலாக, உயரமான மேற்கத்திய முறைக் கழிப்பறை அல்லது கமோடு நாற்காலி ஏற்பாடு செய்தல்
• தரையில் அமர்தல், சம்மணமிடுதல், குந்துதல், கால் மேல் கால் போடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் செய்தல்
• தாழ்வான கட்டிலையும் நாற்காலியையும் தவிர்த்து, முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்கும்படி அமர்த்துதல்
• மருத்துவர் கூறும் காலம் வரை படுக்கும்போது இரு கால்களுக்கும் இடையே தலையணை வைத்தல்
• குளியலறையில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும் அமைத்தல். நடைவழியில் மின்கம்பிகளையும் தளர்ந்த பாய்களையும் அகற்றுதல்
• இரத்தம் உறையாமைக்கான மருந்தைக் குறித்த நாள் வரை தவறாது அளித்தல்
• தழும்பில் சிவப்பு, கசிவு, துர்நாற்றம் உள்ளனவா என நாள்தோறும் பார்த்தல்; எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதையும் பூசாதிருத்தல்

மறு அறுவை பெற்றவர்கள் வலி இல்லாவிடினும் மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணங்கள்: பலர் தவறவிடுவது

மறு அறுவை செய்யும் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த வகை மூட்டு?’ என்பதே. ஒவ்வொரு நிறுவனத்தின் கூம்பு முனையும் உள்ளுறையும் தனி அளவுடையன. அது தெரியாவிட்டால் பொருத்தமான பந்தை வரவழைக்க இயலாது. நன்கு பிடித்துள்ள தண்டையும், அளவு தெரியாத காரணத்தாலேயே, பிடுங்க நேரிடலாம்.

அறுவையின்போது பயன்படுத்தப்படும் ஒவ்வொரு பாகத்தின் உறையிலும் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அவை நோயாளியின் கோப்பில் ஒட்டப்படும். வீடு திரும்பும் முன் அவற்றின் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அறுவைக் குறிப்பையும் கேட்டுப் பெற வேண்டும். ஒரு நகலைக் கைப்பேசியில் படமாகவும், மற்றொன்றைக் குடும்பத்தில் வேறொருவரிடமும் வைத்திருப்பது நல்லது. முன்னரே அறுவை செய்துகொண்டு ஆவணம் இல்லாதவர்கள், மூட்டு நலமாக இருக்கும் இப்போதே அம்மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம்.

அகற்றப்பட்ட பாகங்களை வீசிவிடாமல் பாதுகாக்குமாறு அறுவைக்கு முன்னரே கேட்டுக்கொள்ளலாம். உடைவுக்கான காரணத்தை ஆராய அவை தேவைப்படும். மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்டி ஆராய, இந்திய மருந்தியல் ஆணையத்தின் ஒருங்கிணைப்பில் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 முதல் இயங்குகிறது. நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். ஒரு தொகுதியில் குறை இருப்பின், ஒருவர் அளிக்கும் தகவல் முகம் அறியாத பலரைக் காக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்கள், மறு அறுவைக்கான முன் அனுமதி, பொருத்தப்படும் பாகத்தின் வகை, கூடுதல் செலவு ஏதேனும் உண்டா என்பவற்றை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் அறுவைக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் மூட்டு பழுதடைந்ததன் காரணம் என்ன? கிருமித்தொற்று இல்லை என்பது உறுதியாகிவிட்டதா?
2. எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்படும்? தண்டைக் காப்பாற்ற இயலுமா?
3. புதிய பந்தும் உள்ளுறையும் எப்பொருளால் ஆனவை? அவை என் பழைய தண்டுக்குப் பொருந்துமா?
4. அறுவையின்போது தண்டையும் மாற்ற நேர்ந்தால், அதற்கான பாகங்கள் ஆயத்தமாக உள்ளனவா?
5. எப்போது காலை ஊன்றலாம்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்?
6. அறுவைக் குறிப்பும் ஸ்டிக்கர் நகலும் எனக்குக் கிடைக்குமா?

இக்கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். கேள்வி கேட்பது மருத்துவரை ஐயுறுவது ஆகாது. அது சிகிச்சையில் நோயாளி ஆற்ற வேண்டிய பங்கு.

நினைவில் கொள்க

செராமிக் மூட்டு உடைவது அரிது. உடைந்தாலும், காலம் தாழ்த்தாமல் தக்க பாகங்களைக் கொண்டு மறு அறுவை செய்யப்பட்டால் மீண்டும் நடமாட இயலும். மூட்டில் ஓசையுடன் வலி தோன்றிய நாளில் நடப்பதை நிறுத்துவதும், ஆவணங்களுடன் மருத்துவமனைக்கு வருவதும் உங்கள் கையில் உள்ளவை.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகா.